விகிதம் சரிதான், மாறிலி எங்கே?

2025 அக்டோபரில் இந்திய யானைகளின் புதிய மதிப்பீடு வெளியாயிற்று: 22,446. இதற்கு முன் 2017-இல் வெளியான எண் 29,964. அன்று மாலைக்குள் மூன்று குழுக்கள் வழியாக ஒரே செய்தி என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது: எட்டே ஆண்டுகளில் நாட்டின் யானைகளில் கால்பங்கு அழிந்துவிட்டது. கழித்து, வகுத்து, நூறால் பெருக்கினால் 25 விழுக்காடு வரத்தான் செய்கிறது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. அனுப்பியவர்களுள் இருவர் புள்ளியியல் முதுகலை மாணவர்கள். அவர்களுக்கு ஒருவரியில் மறுமொழி எழுத முயன்று, முடியாமற்போனதன் விளைவே இப்பதிவு. நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் நேர்விகிதப் பாடத்தின் இறுதியில் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். ஒரு காட்டில் 40 மான்களைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறார்கள். சில நாள் கழித்து 50 மான்களைப் பிடிக்கிறார்கள். அவற்றுள் 5 மான்களில் குறி இருக்கிறது. காட்டில் உள்ள மான்கள் எத்தனை? ஐம்பதில் ஐந்து என்றால் பத்தில் ஒன்று. ஆகவே குறியிட்ட நாற்பதும் மொத்தத்தில் பத்தில் ஒன்று. விடை 400. மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணும் இம்முறை ஆரியபட்டரின் நூலிலேயே திரைராசிகம் என்ற பெயரில் இருக்கிறது. பின்வந்த பாஸ்கரர், கணிதம் முழுவதிலும் இது ஊடுருவி நிற்கிறது என்று கருதினார். அத்தனை பழையது, அத்தனை எளியது. நான் எட்டாம் வகுப்பில் இக்கணக்கைச் செய்து முழு மதிப்பெண் பெற்றேன். இன்று இதே கணக்கின்மேல் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் இருந்த உறுதி இப்போது இல்லை.

இளங்கலை மாணவர்களுக்கு இதைச் செய்முறையாகக் காட்ட, சென்ற பருவத்தில் ஒரு பையில் 400 மொச்சைக் கொட்டைகளைப் போட்டுக் கொண்டுபோனேன். நாற்பதில் மை வைத்திருந்தேன். இருபத்துநான்கு குழுக்கள், ஒவ்வொரு குழுவும் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது கொட்டைகளை எடுத்து, மைக்கறை உள்ளவற்றை எண்ணி, விகிதக் கணக்குப் போட்டு, கொட்டைகளைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்க வேண்டும். விடைகளைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு சற்றே கலங்கிப்போனது. ஐந்து குழுக்களுக்கு மட்டுமே சரியாக 400 வந்தது. ஒன்பது கறைக் கொட்டைகள் அகப்பட்ட குழுவுக்கு 222. இரண்டே அகப்பட்ட குழுவுக்கு 1,000. ஆயிரம் என்று எழுதிய மாணவி எழுந்து, தங்கள் குழு தவறாக எடுத்துவிட்டது, இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. காட்டில் ஒரு முறைதான் எடுக்க முடியும், அங்கே கரும்பலகையும் இல்லை, மற்ற இருபத்துமூன்று குழுக்களும் இல்லை என்று சொன்னபோதுதான் அவள் கேட்ட கேள்வியின் கனம் எனக்கே உறைத்தது.

இது தற்செயல் தரும் பிழை. இதற்கு மருந்து உண்டு: கூடுதலாகக் குறியிடலாம், கூடுதலாகப் பிடிக்கலாம், வீச்சைக் கணக்கிட்டு எண்ணோடு சேர்த்து எழுதலாம். இரண்டாவது வகைப் பிழை இதைவிடக் கொடியது. அடுத்த வகுப்பில் பையை மாற்றினேன். இருநூறு மொச்சை, இருநூறு பாசிப்பயறு. துழாவும் விரல்களுக்குப் பெரியதே முதலில் சிக்கும். மொச்சை சிக்கும் வாய்ப்பு பயறைப்போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்முறை எடுத்துக் குறியிடும் நாற்பதில் முப்பது மொச்சையாகவே இருக்கும். இரண்டாம் முறையும் மொச்சைதான் அதிகம் வரும். ஆகவே குறியிட்டவை தம் பங்குக்கு மேல் திரும்பவரும். ஐந்துக்குப் பதில் சராசரியாக 6.25. விகிதக் கணக்கு 320 என்று சொல்லும். எண்பது உயிர்கள் கணக்கிலிருந்து மறைந்துபோகும். எத்தனை முறை எடுத்தாலும், எத்தனை ஆண்டு எடுத்தாலும் அந்த எண்பது திரும்பி வாரா. மாறாக, ஒருமுறை பிடிபட்ட விலங்கு அஞ்சி ஒதுங்கி, மறுபடி சிக்கும் வாய்ப்பு பாதியாகிவிட்டால் அதே 400 ஏறத்தாழ 760 ஆகிவிடும். முதல்வகைப் பிழை உழைப்புக்கு அடங்கும். இரண்டாவது அடங்காது, உழைக்க உழைக்கத் தவறான எண்ணின்மேல் நம் நம்பிக்கைதான் கூடும்.

நேர்விகிதம் என்று நாம் எழுதும்போதெல்லாம் ஒரு மாறிலியை அமைதியாக உள்ளே நுழைக்கிறோம். கண்ணில் பட்டது இருப்பதற்கு நேர்விகிதத்தில் உள்ளது என்றால், பட்டதை இருப்பதால் வகுத்து வரும் அந்தப் பின்னம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம், விலங்குக்கு விலங்கு மாறாது என்று உறுதி கூறுகிறோம். கண்டறி நிகழ்தகவு என்று எங்கள் துறையில் அழைக்கப்படும் அப்பின்னத்தை அளந்துவிட்டு உறுதி கூறினால் அறிவியல். அளக்காமல் கூறினால் அது நல்லெண்ணம் மட்டுமே.

இந்த வேறுபாட்டை முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் மக்கள்தொகையைக் காண லாப்லாஸ் இதே விகிதத்தைக் கையாண்டார். முப்பது மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊர்களில் 20,37,615 பேர். அவ்வூர்களில் மூன்றாண்டுப் பிறப்புகள் 2,15,599. ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு 28.35 பேர் என்ற விகிதத்தை நாட்டின் மொத்தப் பிறப்புகளோடு பெருக்கினார். பெருக்கியதோடு நிற்காமல், இவ்வெண் எவ்வளவு பிழைபட்டிருக்கக்கூடும் என்பதையும் நிகழ்தகவு கொண்டு கணக்கிட்டார் என்பதுதான் எனக்கு வியப்பு. 1896-இல் டென்மார்க்கின் பீட்டர்சன் தட்டைமீன்களுக்குக் குறியிட்டபோதும், 1930-இல் அமெரிக்காவின் லிங்கன் வாத்துகளின் கால்வளையங்களைக் கொண்டு கணக்கிட்டபோதும் அதே விகிதம்தான். அதனால்தான் அச்சமன்பாடு அவ்விருவர் பெயரால் வழங்குகிறது. லிங்கனுக்கு வளையங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் வேட்டைக்காரர்கள். சோம்பல்பட்டு அனுப்பாமல் விட்ட ஒவ்வொரு வளையமும் வானத்தில் இல்லாத வாத்துகளை உண்டாக்கியிருக்கும்.

பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வின் முதலாண்டில் மத்திய இந்தியக் காடு ஒன்றில் புள்ளிமான்களை எண்ணினேன். காட்டின் ஒரு பகுதியில் லாந்தனா எனப்படும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு அடர்ந்திருந்தது. மற்றொரு பகுதியில் அதை வேரோடு அகற்றியிருந்தார்கள். இரண்டிலும் ஒரே நீளப் பாதைகளில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நடந்தேன். செடி அகற்றிய பகுதியில் இருமடங்குக்குச் சற்று மேலாகவே மான்கள் தென்பட்டன. கிலோமீட்டருக்கு இத்தனை மான்கள் என்பது மான்களின் அடர்த்திக்கு நேர்விகிதம். ஆகவே உண்ணிச்செடியை அகற்றினால் மான்கள் இரட்டிக்கின்றன. எழுதி, வரைபடம் போட்டு, ஆண்டாய்வுக் கூட்டத்தில் பெருமையோடு காட்டினேன். களைச்செடி அகற்றும் பணிக்கு நிதி கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அந்தப் படத்தை உடனே கேட்டு வாங்கிக்கொண்டார்.

குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர் ஒன்றே ஒன்று கேட்டார்: பாதையிலிருந்து எவ்வளவு தொலைவு வரை உங்களால் பார்க்க முடிந்தது? நல்லவேளையாக ஒவ்வொரு மான் கூட்டத்துக்கும் தொலைவை அளந்து குறித்து வைத்திருந்தேன். பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்காகக் குறித்தேனே தவிர, அதை எதற்கும் பயன்படுத்தவில்லை. அன்றிரவு கணக்கிட்டபோது, செடி அடர்ந்த பகுதியில் நான் உண்மையில் பார்த்த அகலம் பாதையின் இருபுறமும் சுமார் 18 மீட்டர் என்றும், அகற்றிய பகுதியில் 40 மீட்டர் என்றும் தெரிந்தது. பார்வை இரட்டித்திருந்தது, மான்கள் இரட்டிக்கவில்லை. அடர்த்தி இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. படத்தை வாங்கிச் சென்றவருக்குத் திருத்தம் அனுப்பினேன். அதற்குள் அது ஓர் அறிக்கையில் ஏறிவிட்டது. உண்ணிச்செடியை அகற்றுவது வேறு காரணங்களுக்காக நல்லதாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. என் எண் அதற்குச் சான்றாகாது என்பதே செய்தி.

என் மான்கள் ஓர் அறிக்கையைத்தான் கெடுத்தன. புலிகளின் கதையில் இதே பிழை ஒரு காட்டையே காலியாக்கிக் காட்டியது.

1960-களில் ஒடிசா வனத்துறையின் எஸ். ஆர். சௌத்ரி உருவாக்கிய காலடித்தட முறை, 1972-இன் முதல் அனைத்திந்தியக் கணக்கெடுப்பில் 1,827 புலிகள் என்ற எண்ணைத் தந்தது. அடுத்த ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடித் தகட்டில் வரைந்து, ஒவ்வொரு புலியையும் அதன் தடத்தால் தனித்து அடையாளம் காணலாம் என்பது அம்முறையின் அடிப்படை. இதில் விகிதமே இல்லையே, நேரடியாக எண்ணுகிறார்களே என்று தோன்றும். மாறிலி இங்கும் இருக்கிறது. அதன் மதிப்பு ஒன்று என்று முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். காட்டில் உள்ள எல்லாப் புலிகளும் தடம் விடும், எல்லாத் தடங்களும் கண்ணில் படும், ஒரு புலியின் தடம் இரண்டாகவோ இரண்டின் தடம் ஒன்றாகவோ எண்ணப்படாது. இவை அனைத்தையும் அளக்காமலே ஏற்றுக்கொண்டால்தான் முழுக் கணக்கெடுப்பு என்ற சொல் பொருந்தும். மாதிரி எடுப்பவன் ஒன்றை அனுமானிக்கிறான் என்றால் முழுவதும் எண்ணினேன் என்பவன் அதைவிடப் பெரியதை அனுமானிக்கிறான். நம் செய்தித்தாள்கள் இன்றும் புலிகள் கணக்கெடுப்பு என்றே எழுதுகின்றன. மதிப்பீடு என்ற சொல்லுக்கு என்ன குறை என்று தெரியவில்லை.

ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு பதினாறுக்குக் குறையாத புலிகளைக் காட்டியது. 2005-இல் அங்கே ஒரு புலியும் இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ளவேட்டையில் எல்லாம் போயிருந்தன. வேட்டையைச் செய்தவர்கள் வேட்டைக்காரர்கள்தாம், எண் செய்யவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வந்த அந்த நிறைவான எண் இல்லாதிருந்தால், பத்துப் புலிகள் இருக்கும்போதோ ஐந்து இருக்கும்போதோ யாரேனும் விழித்திருப்பார்கள் என்பதை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. சுனிதா நாராயண் தலைமையிலான புலிகள் பணிக்குழு 2005-இல் அறிக்கை அளித்தது. காலடித்தட முறை கைவிடப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவும் 2009-க்குள் தன் புலிகளை இழந்தது. இரு காடுகளுக்கும் பிற காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

புதிய முறையில் வந்த 2006-ஆம் ஆண்டின் மதிப்பீடு 1,411. பழைய முறையின் கடைசி எண் 3,642. நாட்டின் புலிகளில் அறுபது விழுக்காடு நான்கே ஆண்டுகளில் அழிந்ததாக அப்போதும் கழித்துப் பார்த்தார்கள். ஒரு முழத்தால் அளந்த துணியையும் வேறொரு முழத்தால் அளந்த துணியையும் கழிக்கும் வேலை இது. பிறகு அதே 1,411-ஐ அடிக்கல்லாக வைத்து, 2018-இன் 2,967-ஐ அதன்மேல் நிறுத்தி, இருமடங்கு என்றார்கள். 2006-இன் எண்ணில் சுந்தரவனம் சேரவில்லை என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்கள்? இறங்கும்போது கழிப்பவர்களும் ஏறும்போது வகுப்பவர்களும் வெவ்வேறு முகாம்களைச் சேர்ந்தவர்கள், கணக்கு ஒன்றே.

புதிய முறையின் நடுவிலும் ஒரு நேர்விகிதம் இருந்தது. நேர்மையான விவாதத்துக்கு உரியது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நாடு முழுவதும் கேமரா வைக்க முடியாது. ஆகவே வனக்காவலர்கள் தம் சரகங்களில் நடந்து புலியின் தடம், எச்சம், கீறல் போன்ற அடையாளங்களைக் குறிப்பார்கள். தேர்ந்தெடுத்த சில இடங்களில் தானியங்கிக் கேமராக்களால் புலிகளைப் படமெடுத்து, வரிகளைக் கொண்டு தனித்தனியாக அடையாளம் கண்டு அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். அவ்விடங்களில் அடையாளங்களுக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, கேமரா இல்லாத இடங்களுக்கு அதை நீட்டுவார்கள். ஜாலா, குரேஷி, கோபால் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அத்தொடர்பு வலுவானது என்று வாதிட்டது. 2015-இல் கோபாலசுவாமி, தேலம்பாடி, காரந்த் முதலியோர் எழுதிய கட்டுரை, அடையாளம் கண்ணில்படும் நிகழ்தகவு இடத்துக்கு இடம் மாறுமானால் அவ்வளவு வலுவான தொடர்பு கிடைக்க வாய்ப்பில்லை, அதைக்கொண்டு பிற காடுகளைக் கணிப்பது நம்பத்தக்கதன்று என்று கணித முறையில் எதிர்வாதம் செய்தது. புழுதிபடிந்த வண்டித்தடம் ஓடும் காட்டில் ஒரு புலி பத்துத் தடம் விட்டுச்செல்லும். இலைச்சருகு மூடிய ஈரக்காட்டில் அதே புலி ஒன்றுகூட விடாமல் போகும். இது சமன்பாடு தெரியாத காவலருக்கும் தெரியும். மறுப்பும் மறுமறுப்புமாக அவ்விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. கசப்பும் மிகுந்தது.

என் தீர்ப்பைச் சொல்லாமல் நழுவுவது முறையன்று. கோட்பாட்டளவில் 2015-இன் கட்டுரை சரி என்றே கருதுகிறேன். அதே வேளையில், அதை ஏந்திக்கொண்டு புலி எண்கள் எல்லாமே பொய் என்று முழங்குவோர் அதைப் படிக்கவில்லை. 2018-இல் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. வனவிலங்குப் படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலியின் படங்கள் 76,651. தனித்தனியே அடையாளம் காணப்பட்ட புலிகள் 2,461. மதிப்பீடான 2,967-இல் ஏறத்தாழ 83 விழுக்காடு நேரில் படம்பிடிக்கப்பட்டவை. எஞ்சிய சுமார் 500 மட்டுமே கணிப்பின் தோளில் ஏறி வந்தவை. பயணிக்கும் தூரம் இவ்வளவு குறையும்போது ஊன்றுகோலின் கோணல் அவ்வளவாகப் பாதிக்காது. சரிஸ்காவிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது உண்மையான முன்னேற்றம். நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் கேமராக்களைக் கொண்டு பிடித்தல்–மீளப்பிடித்தல் முறையைப் புலிகளுக்குப் பொருத்திக்காட்டி, 1995-இல் கட்டுரையாக வெளியிட்டபோது அதை ஆய்வாளரின் ஆடம்பரம் என்று கருதியவர்களே மிகுதி.

ஆனால் மூலத்தரவு வெளியாய்வாளர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின் சராசரி 3,682, மேல்வரம்பு 3,925. இவ்விரண்டுக்கும் எவ்வாறு வந்தார்கள் என்பதை ஒரு முனைவர் பட்ட மாணவன் தன் கணினியில் மறுபடி செய்துபார்க்க முடிய வேண்டாமா? கேமரா இருந்த துல்லியமான இடங்களைக் கள்ளவேட்டைக்கு அஞ்சி மறைப்பது நியாயம். எந்தப் புலி எத்தனையாம் நாள் எத்தனை முறை படத்தில் விழுந்தது என்ற அட்டவணையை மறைப்பதில் எந்தப் புலிக்கும் பாதுகாப்பில்லை.

இனி யானைகளுக்கு வருகிறேன். யானைகளை நேரில் எண்ணுவது கடினமாதலால் சாணத்தை எண்ணும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. சதுரக் கிலோமீட்டருக்கு உள்ள சாணக்குவியல்களை, ஒரு யானை நாளொன்றுக்கு இடும் எண்ணிக்கையால் வகுத்து, குவியல் மட்கும் வேகத்தால் பெருக்க வேண்டும். இங்கே மாறிலி ஒன்றன்று, இரண்டு. 1,600 குவியல்கள், நாளுக்கு 16 முறை, நாளுக்கு நூற்றில் ஒரு பங்கு மட்கல் என்றால் சதுரக் கிலோமீட்டருக்கு ஒரு யானை. மழை பொய்த்து, சாணவண்டுகள் குறைந்து, மட்கல் இருநூற்றில் ஒரு பங்காக இருந்ததென்றால் அதே குவியல்கள் அரை யானையைத்தான் காட்ட வேண்டும். பழைய வேகத்தையே போட்டுக் கணக்கிட்டால் வறட்சி ஆண்டில் யானைகள் பெருகிவிடும்! ஒரு காட்டில் ஒரு பருவத்தில் அளந்த வேகத்தை இன்னொரு காட்டுக்கு இன்னொரு பருவத்தில் இரவல் வாங்குவது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

2025-இல் வெளியான மதிப்பீடு வேறு வகையைச் சேர்ந்தது. 21,056 சாண மாதிரிகளிலிருந்து மரபணுவைப் பிரித்து 4,065 தனித்த யானைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். மையிட்ட மொச்சைக்குப் பதில் மரபணு. மற்றபடி அந்த எட்டாம் வகுப்புக் கணக்கேதான், வளர்ந்து மீசை முளைத்த வடிவில். 4,065-இலிருந்து 22,446-க்குச் செல்லும் வழி நீண்டது. ஆதலால் அறிக்கையே 18,255 முதல் 26,645 வரை என்று வீச்சைத் தந்திருக்கிறது. முந்தைய எண்களோடு இதை ஒப்பிடக்கூடாது, இது புதிய அடிக்கோடு என்றும் அதுவே எச்சரிக்கிறது. எனக்கு வந்த மூன்று செய்திகளிலும் அந்த வீச்சு இல்லை, எச்சரிக்கையும் இல்லை. யானைகள் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். வழித்தடங்கள் துண்டாடப்படுவதையும் தண்டவாளங்களிலும் மின்வேலிகளிலும் அவை மடிவதையும் காணும் எவரும் அவ்வாறு அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்துக்கு இந்த 25 விழுக்காடு சான்றன்று. நாளை மூன்றாவது முறையொன்று வந்து 28,000 என்று சொன்னால், யானைகள் பெருகிவிட்டன, வழித்தடத்தில் சாலை போடலாம் என்பவரிடம் நாம் எந்த முகத்தோடு மறுப்புச் சொல்வோம்?

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் களத்தில் இருப்பவர்கள் என்பதால் மதிக்கிறேன். வனச்சரகர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்கள் 18,000 முதல் 26,000 வரை என்று எழுதிக்கொடுத்தால், நிதி தருபவர் 26,000-ஐப் பார்த்து நிதியைக் குறைப்பார், சுரங்கம் கேட்பவரும் 26,000-ஐத்தான் பார்ப்பார். ஒற்றை எண்தான் எங்களுக்குப் படைக்கலம்." அவர் கூறியதில் உண்மை இருக்கிறது. வீச்சு என்பதை அறியாமையின் ஒப்புதலாகவே படிக்கும் அலுவலகங்கள் நம்மிடம் நிரம்ப உண்டு. ஆனால் ஒற்றை எண் எந்தப் பக்கமும் வெட்டும். சரிஸ்காவில் அது காவலுக்கு எதிராகவே வெட்டியது. மேலும் வீச்சின் கீழ்வரம்பை வைத்தே காப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்று வாதாட, வீச்சு இருந்தால்தான் முடியும். ஒற்றை எண்ணுக்குக் கீழ்வரம்பே கிடையாது.

மாறிலியை அளப்பது செலவு மிக்கது என்பதும் முழு உண்மையன்று. நீர்நிலை ஒன்றில் இரு காவலர்கள் ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல், ஒரே வேளையில், வந்துபோகும் மான் கூட்டங்களைக் குறிக்கட்டும். ஒருவர் 40 கூட்டங்கள், மற்றவர் 50, இருவர் குறிப்பிலும் பொதுவாக 25. இரண்டாமவர் கண்ட ஐம்பதில் பாதியை முதலாமவர் கண்டிருக்கிறார். ஆகவே முதலாமவரின் கண்டறி நிகழ்தகவு பாதி. ஆகவே அவர் கண்ட நாற்பது, எண்பதில் பாதி. அதே நேர்விகிதம், இம்முறை மாறிலியையே அளந்து கையில் கொடுக்கிறது. இருவருமே தவறவிடும் கூச்சம் மிக்க கூட்டங்கள் உண்டென்றால் எண்பதும் குறைவே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டது ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இன்னொரு மனிதரும்தான்.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அந்த மான் கணக்கின் கீழே இன்னும் இரண்டு வரிகளைச் சேருங்கள்: பிடிபட்ட மான்கள் இரண்டாம் முறை வலையைக் கண்டு ஒதுங்கினால் விடை கூடுமா குறையுமா? இடையில் சில மான்கள் வேறு காட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்தால்? பெருக்கல் தெரிந்த எவரும் இவற்றுக்கு விடை காணலாம். ஆய்வு மாணவர்களிடம் வேறொன்று கேட்கிறேன். யாரேனும் உங்களிடம் காட்டுக்கு இத்தனை என்று ஒரு சுட்டெண்ணைக் கொண்டுவந்து நேர்விகிதம் என்றால், மாறிலியை எங்கே, எப்போது, யார் அளந்தார் என்று கேளுங்கள். என்னிடம் அந்தப் பேராசிரியர் கேட்டதுபோல, ஒரே ஒரு வரியில் கேட்டால் போதும்.

மொச்சைப் பயிற்சிக்கான தாளும், அதைக் கணினியில் ஆயிரம் முறை ஓட்டிக்காட்டும் சிறு நிரலும் என்னிடம் உள்ளன. வகுப்பில் பயன்படுத்த விரும்புவோர் பின்னூட்டத்தில் சொன்னால் அனுப்பிவைக்கிறேன். மொச்சையையும் பாசிப்பயறையும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்; என் பையிலிருந்த மொச்சையில் சென்ற மாதம் வண்டு விழுந்துவிட்டது. எத்தனை மிஞ்சின என்று இன்னும் எண்ணவில்லை.